நிழலை விலக்கி நின்றவர்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். மேடையில் நான் விளித்துப் பழகியது நடுவர்களை. அவர்களிடம் தீர்ப்புக் கேட்பேன். பெரும்பாலும் வாங்கியும் விடுவேன். உங்களிடம் தீர்ப்புக் கேட்கப் போவதில்லை. ஒருவரைக் காட்டுகிறேன், பார்த்தோம் என்று நீங்கள் சொன்னால் போதும். அவர் இங்கே இருந்தால் அதற்கும் எளிதில் உடன்பட மாட்டார். "எங்ஙன நின்னு பாத்திய? வெயிலு இருந்துதா? ஒங்க நிழலு எந்தப் பக்கம் விழுந்துது?" என்று கேட்டு முடித்த பிறகே உங்கள் சாட்சியத்தை ஏற்றுக்கொள்வார்.

நான் தாராவிக்காரன். என்னோடு வளர்ந்தவர்களில் பலருக்குத் தமிழ் பேச்சில் மட்டுமே உண்டு. கடைப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பேருந்து போய்விடும். நானோ மாட்டுங்காவில் ஒரு மன்றத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் என் நாவைத் தீட்டிக்கொண்டவன். குறிப்புத்தாள் இன்றிப் பேசுவேன். ஒலிபெருக்கி நின்றுபோனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசுவேன். பரிசுக் கோப்பைகள் எங்கள் வீட்டுப் பரண்மேல் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

எதிர்வீட்டு அக்கா அந்தக் கோப்பைகளைப் பார்த்து ஒருமுறை கேட்டார்: "எதிர்க்கட்சி பேசினவன் அன்னைக்கு நல்லாப் பேசினானா?"

"நல்லாப் பேசியிருந்தா எனக்கு எப்படிக்கா கப்பு கெடைக்கும்?"

"அதத்தான் கேக்கேன். நீ நல்லாப் பேசி ஜெயிச்சியா, அவனுக்குத் தொண்ட கட்டுனதால ஜெயிச்சியா?"

எரிச்சல் வரத்தான் செய்தது. ஆனால் உண்மையில் அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அக்காவுக்குத் தகப்பனார் இல்லை. அவர் அம்மாவை நான் பெரியம்மா என்பேன். தோல் பை தைக்கும் பட்டறையில் பெரியம்மாவுக்கு வேலை. ஊசி ஏறிய விரல்களோடு தைத்துத்தான் மகளைக் கடல் உயிரியல் படிக்க வைத்தார். படித்த மகள் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் சேர்ந்தாள் என்றதும் சந்தெல்லாம் பேடா கொடுத்தார். என்ன ஆராய்ச்சி என்று தெரிந்த அன்றுதான் தலையில் கை வைத்தார்.

"ஏட்டி, இந்தச் சாக்கடச் சேத்துலருந்து ஒன்னக் கரையேத்தத்தான் நான் கண்ணு மங்கத் தைச்சேன். நீ ட்ரெய்ன் புடிச்சுப் போயி அங்ஙன இருக்க சேத்துல எறங்குதியே!"

இறங்கத்தான் செய்தார். செம்பூரைத் தாண்டி, எண்ணெய்த் தொட்டிகளுக்கும் அலையாத்திக் காட்டுக்கும் அப்பால், கடல் வற்றும்போது மட்டும் கண்ணுக்குத் தெரியும் ஒரு சேற்றுவெளி இருக்கிறது. அந்தச் சேற்றில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வாழ்கின்றன. கடல் விலகி வெயில் விழுந்ததும் அவை மணல் துகள்களுக்கு இடையே ஊர்ந்து மேலே வரும். அப்போது சாம்பல் நிறச் சேறு மெல்ல மெல்லத் தவிட்டுப் பொன்னிறம் கொள்ளும். நீர் திரும்பி வருவதற்குச் சற்று முன்பு, யாரும் சொல்லாமலே, அவை மீண்டும் கீழே இறங்கிவிடும். நண்டும் சிப்பியும் பூநாரையும் அந்தப் பொன்னிறத்தை நம்பித்தான் பிழைக்கின்றன. பாசி எவ்வளவு இருக்கிறது, எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று அளப்பதே அக்காவின் வேலை.

சந்தில் ஒருவர் கேட்டார்: "நம்ம சந்துலயும் மழைக்குப் பாசி வழுக்குது. அத அளந்தா யாரும் சம்பளம் தருவாவளா?"

"அண்ணாச்சி, நீங்க வழுக்கி விழுந்த எடத்தக் காட்டுங்க. அங்ஙனருந்தே ஆரம்பிப்போம்" என்றார் அக்கா.

அளப்பதற்கு இரண்டு வழி வைத்திருந்தார். முனை வெட்டிய ஊசிக்குழலைச் சேற்றில் அழுத்தி மேற்படலத்தை எடுத்துப் போய், அதிலுள்ள பச்சையத்தைக் கரைத்து எடையைக் கணக்கிடுவது ஒன்று. மேலே இருந்தாலும் சற்றுக் கீழே இருந்தாலும் பாசியின் மொத்தம் அதில் தெரிந்துவிடும். மற்றது ஒரு கருவி. மங்கிய ஒளியைச் சேற்றின்மேல் பாய்ச்சி, பாசி திருப்பித் தரும் சிவப்பு ஒளிர்வை அது அளக்கும். மேற்பரப்பில் அந்த நொடியில் இருப்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஒரே இடத்தை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அளந்தால் எண் ஏறி, நின்று, இறங்கி ஒரு கோடாக வரும். அந்தக் கோடுதான் பாசியின் நடை.

ஒவ்வொரு முறை அளந்ததும் அக்கா கருவியை விலக்கி வைத்துவிடுவார். அதன் நிழல் சேற்றில் விழக்கூடாது. சேற்றில் புதையாமலிருக்கப் போட்ட பலகையின் மேல் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறம் நின்று, எட்டி, வளைந்து, இடுப்பு ஒடிய அளப்பார். நிழல் பட்டால் பாசி இருட்டிவிட்டதென்று எண்ணி இறங்கத் தொடங்கும். பார்க்க வந்தவள் பார்ப்பதைக் கலைத்துவிடக் கூடாது என்பதே அவர் வாழ்வின் பெருங்கவலை.

அந்தக் கவலை சேற்றோடு நிற்கவில்லை. அதை நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதான் இவ்வளவு சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே சற்று நிற்பார். உள்ளே நடக்கும் பேச்சு அவரால் தடைப்படக் கூடாது. தடைப்பட்டுவிட்டால் முகம் சுருங்கும். "நான் வரதுக்கு முன்னாடி என்ன பேசிக்கிட்டிருந்திய? அதையே பேசுங்க." யாரால் முடியும்? நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

என் தகப்பனார் நெஞ்சுவலியோடு சயான் மருத்துவமனையில் கிடந்தபோது அக்கா தினமும் வந்தார். அப்பா கண்மூடிக் கிடக்கையில் கட்டிலின் தலைமாட்டுப் பக்கம், பார்வை எட்டாத இடத்தில் நின்று மூச்சைக் கவனிப்பார். "நம்மளப் பாத்துட்டாருன்னா சிரிப்பாரு. சிரிச்சா நல்லாருக்க மாதிரி தெரியும். டாக்டரும் அதத்தான் பாக்காவ" என்றார். அவர் சொன்ன பிறகுதான் நர்ஸ் அப்பா உறங்கும்போது மூச்சைக் கவனித்தார், மருந்தை மாற்றினார்கள். அப்பா இன்றும் இருக்கிறார். அக்காவால்தான் இருக்கிறார் என்று சொல்ல எனக்கு ஆசை. அந்த வாக்கியத்தை அவர் விடமாட்டார் என்பதால் மருந்தை மாற்றினார்கள் என்பதோடு நிறுத்துகிறேன்.

என் பேச்சுப் போட்டிக்கு வந்தால் தூணுக்குப் பின்னால் உட்காருவார். ஒருநாள் கண்டுபிடித்துக் கேட்டேன்.

"ஏங்க்கா ஒளிஞ்சு ஒக்காருதிய?"

"நான் இருக்கேன்னு தெரிஞ்சா நீ கூடக் கொஞ்சம் கத்துவ."

"சரி, இன்னைக்கு எப்படி இருந்துது?"

"நான் இருக்கேன்னு தெரியாமயே கத்துத."

இனி அந்த விசாரணைக்கு வருகிறேன்.

அந்தச் சேற்றுவெளியைத் தூர்த்து கன்டெய்னர் யார்டு கட்ட ஒரு திட்டம் வந்தது. திட்டக்காரர்கள் ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தி அறிக்கை வாங்கினார்கள். ஒருநாள் மாலை, வெயில் தாழ்ந்த பிறகு ஒரே ஒருமுறை மேற்பரப்பை அளந்து, "உயிரற்ற சேறு" என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்த இரண்டு சொற்கள் நிலைத்தால் சேறு மண்ணுக்குள் போகும். அங்கே சிப்பி பொறுக்கும், கோளி என்னும் மீனவச் சமூகப் பெண்களின் பிழைப்பும் அதோடு போகும். பொது விசாரணையில் மறுப்புச் சொல்ல அந்தப் பெண்கள் அக்காவிடம் வந்தார்கள். அக்கா என்னிடம் வந்தார்.

"நீ இந்தில பேசு. எனக்கு மைக்கப் பாத்தா நாக்கு ஒட்டிக்கும்."

அக்காவிடம் மொத்தக் கணக்கு இருந்தது. சேற்றைக் கரைத்துப் பார்த்த எண்கள் நிறையப் பாசி உண்டென்றே காட்டின. ஆனால் எதிர்த்தரப்பு நிபுணர் முன்கூட்டியே ஒரு பதில் எழுதியிருந்தார்: அது செத்துப் படிந்த பாசியின் நிறமி, உயிருள்ளது அன்று. ஆகவே உயிர் உண்டு என்று காட்ட ஒரே வழிதான் இருந்தது. பாசி நகர்வதைக் காட்ட வேண்டும். நல்ல வெயிலில், நண்பகல் வற்றத்தில், ஏறியது முதல் நீர் வருமுன் தானாக இறங்கியது வரை ஒரு முழுக்கோடு. செத்தது நடக்காது.

விசாரணைக்கு முன் அப்படியொரு வற்றம் ஒரே நாளில்தான் வாய்த்தது. மற்ற நாள்களில் கடல் வற்றும் நேரம் காலையிலோ அந்தியிலோ போய் விழுந்தது.

அன்று நான் கரைக்கல்லில் நின்றேன். என் வேலை நீரைப் பார்ப்பது. அந்த வெளியில் கடல் முன்னால் வருவதில்லை. ஓடைகள் வழியே முதுகுப்புறமாக வந்து சூழும். அக்கா தூரத்தில், பலகைமேல், குனிந்த புள்ளியாக இருந்தார். வெயில் எரித்தது. சேறு பொன்னாக மாறியிருந்தது.

அப்போதுதான் பெரியம்மா வந்து சேர்ந்தார். பட்டறைக்கு லீவு போட்டு, ரயிலேறி, ஆட்டோ பிடித்து, கையில் கறுப்புக் குடையும் டிபன் டப்பாவுமாக வந்திருந்தார். அந்தச் சேற்றுக்கு அவர் வந்தது அதுவே முதல்முறை.

"எல, எம்புள்ள எங்ஙன?"

காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "வெயில்ல கருகிப்போவா" என்றார். சிப்பி பொறுக்கும் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, பலகை பலகையாக நடந்துபோனார். மகளின் பின்னால் நின்று, அவர் தலைக்கு மேல் முன்னால் நீட்டிக் குடையை விரித்தார். அக்கா கருவியின் எண்ணிலேயே கண்ணாக இருந்தார். திரும்பினாரா, நிழலைக் கண்டாரா, அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. சேற்றை வெறுத்த தாய் சேற்றில் நின்று மகளுக்குக் குடை பிடித்தார். மேடைக்காரன் கண்ணுக்கு அதைவிடச் சிறந்த காட்சி கிடைக்குமா? கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன்.

மாலையில் அக்கா வீட்டில் கோட்டைப் பார்த்தோம். அழகாக ஏறி, நின்று, அழகாக இறங்கியிருந்தது. நான் கைதட்டினேன். அக்கா தட்டவில்லை.

"இது சீக்கிரமே எறங்கிட்டு."

"எறங்குனாப் போதாதாக்கா?"

"தண்ணி வர நெறைய நேரம் இருக்கு. இவ்வளவு முன்னாடி எறங்காது." கண்ணை எடுக்காமல் கேட்டார்: "அம்மா எப்பம் வந்தாவ?"

படத்தைக் காட்டினேன். அதில் நேரம் இருந்தது. குடையின் நிழல் சேற்றில் வட்டமாக, அளந்த இடத்தின் மேலேயே விழுந்திருந்தது. கோடு இறங்கத் தொடங்கியதும் அதே வேளைதான்.

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "குனிஞ்சே இருந்தேன். முதுகு குளுந்துது. மேகம்னு நெனச்சேன். நிமிந்து பாக்கல" என்றார்.

பெரியம்மா அடுப்படியில் இருந்தார். எண்ணெய் பொரியும் ஓசையில் எங்கள் பேச்சு அவருக்குக் கேட்கவில்லை. நான் குரலைத் தாழ்த்தினேன். வாதம் என் தொழில்.

"அக்கா, குட இல்லன்னாலும் தண்ணிக்கு முன்னாடி எறங்கத்தான் செய்யும். எல்லா வருசமும் நீங்க பாத்திருக்கிய. முடிவு ஒண்ணுதானே? யாருக்குத் தெரியப்போவுது?"

"எறங்கியிருக்கும்தான். ஆனா இன்னைக்கு நான் அதப் பாக்கலல்லா?"

"அப்பம் மேடைல என்ன சொல்லப் போறிய?"

"நீ பேசு. கோட்டப் பத்தி நான் சொல்லிக்கிடுதேன்."

என்ன சொல்வார்? அதை மட்டும் சொல்லவில்லை. விசாரணை வரையிலான நாள்களை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. உறக்கத்தில் குடை விரிந்தது. சந்தில் பெரியம்மாவோ வேறொரு முழக்கத்தில் இருந்தார். பால் வாங்கப் போனாலும், கோயிலில் ஞாயிறு ஆராதனை முடிந்து நின்றாலும் ஒரே பேச்சு.

"எம்மவ வெயில்ல நின்னா. நான்தான் போயி குட புடிச்சேன். அதுக்கப்பறந்தான் கணக்கு ஏக்தம் சரியா வந்துதாம். பாருங்க, விசாரண அன்னைக்கு எல்லாவனும் வாயடைச்சு நிக்கப்போறான்!"

"பாஸ்டரம்மா, ஜெபத்துல வச்சுக்கோங்க" என்றும் சேர்த்துக்கொள்வார். அக்கா அருகில் நின்று தரையைப் பார்ப்பார். தாயிடம் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தாயிடம் முதலில் சொல்லப்போகிறாரா, அவரிடம் சொல்லாமலே விசாரணை மன்றத்தில் ஊரறியச் சொல்வாரா, அல்லது யாரிடமும் சொல்லாமலே விடுவாரா? எந்த வழியில் போனாலும் யாரோ ஒருவர் இழக்கத்தான் வேண்டும்.

விசாரணை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மேடையில் அதிகாரி, அருகே நிபுணர். கீழே ஒருபுறம் கோளிப் பெண்கள், பச்சைப் புடவைகளும் மல்லிகையுமாக. முதல் வரிசையில் பெரியம்மா, மடியில் அதே குடை. இந்தியில் நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். ஒருமுறை மட்டும் கதவைத் தட்டிவிட்டு வீட்டில் யாருமில்லை என்று எழுதிப்போன தபால்காரனை உவமை காட்டியபோது பெண்கள் விசில் அடித்தார்கள். பிறகு திரையில் கோட்டைக் காட்டினேன். மைக்கை அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா மைக்கை வாயிலிருந்து தூரமாகவே பிடித்தார்.

"இந்தக் கோட்டில் ஏறுவது வரை நான் பொறுப்பு. இறங்குவதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. அளந்த இடத்தில் நடுவில் நிழல் விழுந்துவிட்டது. குடையின் நிழல்."

குடைக்கு இந்தியில் சத்ரி; அந்தச் சொல் பெரியம்மாவின் காதில் விழுந்தது. என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எல, என்ன சத்ரிங்கா? எங் கொடையவா சொல்லுதா?"

நான் தலையசைத்தேன்.

பெரியம்மா குடையை மடியிலிருந்து எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்தார். காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

நிபுணர் மெல்லச் சிரித்தார். "அப்படியானால் இறங்கியதற்கு ஆதாரம் இல்லை. அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். குறித்துக்கொள்ளலாமா?"

அந்த நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது. மைக்கைப் பிடுங்கினேன் என்றே சொல்ல வேண்டும்.

"குறித்துக்கொள்ளுங்கள் ஐயா! ஆனால் முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள். குடையின் நிழல் விழுந்தது. பாசி ஓடி ஒளிந்தது. உயிரில்லாதது எந்தக் குடைக்கு அஞ்சும்? பிணத்தின் மேல் குடை பிடித்துப் பாருங்கள், அது எழுந்து நிழலுக்கு அந்தப்பக்கம் போய்ப் படுக்குமா?"

மண்டபம் அதிர்ந்தது. மேசையைத் தட்டினார்கள். அதிகாரிகூடப் பேனாவைக் கீழே வைத்தார். என் வாழ்வின் சிறந்த கைதட்டல் அது. கோப்பை இல்லாத கைதட்டல்.

அக்கா கைதட்டல் ஓயக் காத்திருந்தார். ஓய்ந்ததும் மைக்குக்குக் கைநீட்டினார்.

"தம்பி அழகாகச் சொன்னான். ஆனால் ஒரு நாள், ஒரு குடை. எதேச்சையாகவும் இருக்கலாம். எனக்கு ஐயம் இருக்கிறது." பிறகு நிபுணரின் பக்கம் திரும்பினார். "நீங்களும் வாருங்கள். அடுத்த நண்பகல் வற்றத்துக்கு. உங்கள் கருவியைக் கொண்டுவாருங்கள். ஒரு சதுரத்துக்கு வேண்டுமென்றே நிழல் கொடுப்போம். பக்கத்துச் சதுரத்தை வெயிலில் விடுவோம். நான் பார்ப்பதையே நீங்களும் பாருங்கள்."

நிபுணரால் மறுக்க முடியவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். அறிக்கையிலுள்ள அந்த இரண்டு சொற்கள் அதுவரை முடிவாகாது என்றார்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். வண்டி குர்லாவைத் தாண்டியது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லாட்டி" என்றார் பெரியம்மா, சன்னலைப் பார்த்தபடி.

"சொன்னா நீ அழுவ. அழுதா நான் சொல்லாம விட்டுருவேன்மா."

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி. இனிமே நான் அங்ஙன வரல."

"வரணும். குட புடிக்க ஆள் வேணும்லா?"

அந்த நாள் வந்தது. விடியற்காலையில் மேகம் இருந்தது. பத்து மணிக்குப் பிறகு வானம் வெளுத்தது. நிபுணர் பளபளக்கும் தோல் ஷூவோடு வந்தார். கோளிப் பெண்கள் அதைப் பார்த்துத் தங்களுக்குள் மராத்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். நான் வழக்கம்போலக் கரைக்கல்லில், நீரைப் பார்த்து நின்றேன். அங்கே நடந்த பேச்சைப் பின்னால் பெரியம்மா சொல்லக் கேட்டேன்.

இரண்டு சதுரங்களும் பொன்னிறமாகும் வரை காத்தார்கள். பிறகு அக்கா சொன்னார்: "அம்மா, விரி."

பெரியம்மா குடையை விரித்தார். நிபுணரின் கருவியில், நிழல் சதுரத்தின் எண் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது. வெயில் சதுரம் அசையவில்லை.

"அம்மா, மடக்கு."

எண் திரும்பி ஏறியது. நிபுணர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏக் பார் அவுர்" என்றார், இன்னொரு தடவை என்று.

"எத்தன பார் வேணும்னாலும் புடிக்கேன் சாப்" என்று பெரியம்மா தமிழிலேயே சொல்லி மீண்டும் விரித்தார். மீண்டும் விழுந்தது.

அத்தோடு வந்திருக்கலாம். வழக்கு வென்றாயிற்று. கரையிலிருந்து கையசைத்தேன். அக்கா வரவில்லை. அவருக்கு இன்னொன்று பாக்கி இருந்தது: குடை இல்லாத சதுரம் வெயிலிலேயே, நீர் வருமுன், தானாக இறங்குவதை இம்முறை அவர் பார்க்க வேண்டும். முன்பு பார்க்காமல் விட்டது அதுதானே.

அப்போது இடப்பக்க ஓடை மினுங்கியது. முதலில் ஒரு நூல். பிறகு நூல் நாடாவானது. அவர்களுக்கும் எனக்கும் நடுவில், அவர்கள் முதுகுக்குப் பின்னால், கடல் வந்துகொண்டிருந்தது.

மேடையில் பயின்ற குரல் முழுவதையும் திரட்டிக் கத்தினேன். "யக்கா! தண்ணி! வாங்க!" காற்று எதிர்த்தது. சிப்பிப் பெண்கள் ஓடிவந்து என்னோடு சேர்ந்து கூவினார்கள். மூன்று உருவங்களும் அசையவில்லை. ஒன்று குனிந்திருந்தது. மற்ற இரண்டும் அதை விட்டுவரத் துணியாமல் நின்றன. நாடா அகன்று தகடாயிற்று. பெரியம்மாவுக்கு நீந்தத் தெரியாது. அந்த எண்ணம் வந்ததும் என் குரல் உடைந்தது.

பிறகு குனிந்த உருவம் நிமிர்ந்தது. கையைத் தூக்கியது. மூவரும் ஓடத் தொடங்கினார்கள்.

முழங்காலுக்கு மேல் நீரில் வந்து சேர்ந்தார்கள். எதிரே நீரில் இறங்கிப் போன இரண்டு பெண்கள் பெரியம்மாவைத் தூக்கிவந்தார்கள். நிபுணரின் ஷூவில் ஒன்று சேற்றோடு போயிற்று. அக்கா கருவியைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார். கரையேறியதும் நான் திட்ட வாயெடுத்தேன்.

"எறங்கிட்டுல" என்றார், மூச்சு வாங்க. "வெயில் இருக்கும்போதே. யாரும் நிழலு குடுக்காமயே. நான் பாத்தேன்."

அறிக்கையிலிருந்து அந்த இரண்டு சொற்களும் அடிக்கப்பட்டன. நிபுணரே அடித்தார் என்று கேள்விப்பட்டேன். யார்டு இன்னும் வரவில்லை. வராது என்று நான் சொல்ல மாட்டேன். அதை நான் பார்க்கவில்லை. கோப்பு மேசையிலிருந்து மேசைக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலமும் புதிதாக ஒரு வதந்தி கிளம்புகிறது.

அக்காவுக்கு அயல்நாட்டுக் கடற்கரை ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே கடல் பல மைல் விலகுமாம். போகுமுன் என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கருவிய நிலையத்துல குடுத்துட்டேன். ஒன்னால ஒண்ணு முடியும். நண்பகல் வத்தம் வார நாள்ல கரைல நின்னு ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு. சேறு பொன்னா இருக்கா, சாம்பலா இருக்கான்னு கலர் தெரிஞ்சாப் போதும். ஒரு நாளு பிரயோஜனப்படும்."

"அவ்வளவுதானக்கா?"

"சேத்த மட்டும் எடுக்காத. வானத்தையும் சேத்து எடு."

நான் உடனே வாக்குக் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுப்பது எனக்கு மிக எளிது என்பது அவருக்குத் தெரியும். அவர் முன்னிலையில் கொடுத்தால் அவருக்காகக் கொடுத்ததாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். விமான நிலையத்தில் வெறுமனே கையசைத்தேன்.

அடுத்த வற்றத்துக்குக் கரைக்கல்லில் போய் நின்றேன். பெரியம்மாவும் வந்தார். மகளோடு போக மறுத்துவிட்டவர். குடையை மடித்து, நுனியைக் கல்லில் ஊன்றி, வெறுந்தலையோடு நின்றார். சேறு சாம்பலாகக் கிடந்தது. அண்ணாந்து பார்த்தேன், சூரியனை மறைத்து ஒரு மேகம். நான் பொறுத்திருக்கலாம். மேகம் விலகிப் பொன்னான பிறகு எடுத்து அனுப்பியிருக்கலாம். அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சாம்பலையும் மேகத்தையும் சேர்த்து எடுத்தேன். பிறகு கடலைப் பார்த்து வாயைத் திறந்தேன்.

"எல, யாருகிட்டப் பேசப்போற?" என்றார் பெரியம்மா. "மேட மாதிரி கத்தாத. மெதுவாச் சொல்லு."

மெதுவாகத்தான் சொன்னேன். பெரியம்மாவுக்குக் கேட்டது, இப்போது உங்களுக்கும் கேட்டிருக்கும்.

"ஒவ்வொரு வத்தத்துக்கும் வருவேன்க்கா. மேகம் இருந்தா மேகம்னு சொல்லுவேன். எந்நிழலு விழுந்திருந்தா எந்நிழலுன்னு சொல்லுவேன்."